எண்ணிக்கையில் வராதவள்

சிதம்பரம்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது காரில் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இத்தன வருஷமா அந்த யுனிவர்சிட்டில ஒக்காந்து எதத்தான் தேடற?" ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்களில் ஒன்று வெடித்துச் சுருங்கி நியூட்ரான் விண்மீனாகிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் பிறக்கும்போதே அதற்கு ஓர் உதை விழுகிறது. அந்த உதையின் வேகம் என்ன? இதைத்தான் தேடுகிறேன். பதில் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஒரு கட்டுரை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி? எனக்கு ஒன்றும் குறையில்லை. உங்கள் மகள் அனு நலம் என்று எழுதப்போய்ப் பேனாவை வைத்துவிட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கத்துகிறீர்கள், அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். கரண்ட் பில் கட்ட வசதி என்று உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பிலும் திறந்து வைத்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் அவளைப் பார்த்த டாக்டர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். அது அவர் சந்தேகப்படும் நோயாக இருந்தால் ஓட்டமும் நீச்சலும் மட்டுமல்ல, திடீர்ப் பயமும் ஆகாதாம். எனவே அவள் காதில் விழாமல் பேசவேண்டியிருக்கிறது.

ஒருமுறை துடித்தபின் அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராவதற்கு ஆகும் நேரம் ஈசிஜியில் ஒரு நீளமாகத் தெரியும். அவளுக்கு அது சற்று நீளம், ஆனால் இயல்பான அளவின் ஓரத்தில்தான் நிற்கிறது என்றார். "குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா?" என்று கேட்டார். நீங்கள் யோசிக்கவே இல்லை. "யாரும் கெடையாது சார்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அப்படியானால் வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம், ஓடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நானூறு மீட்டரின் கடைசி வளைவில் அவள் விழுந்ததை நான் பார்த்தேன். தடுக்கி விழவில்லை. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை.

நிச்சயமாக யாரும் இல்லையா, அண்ணா?

தங்கள் தங்கை,
பவானி


மஞ்சக்குப்பம், கடலூர்,
14 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை பவானிக்கு அண்ணன் கோவிந்தசாமி எழுதிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் என் மகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா எண்பத்து நாலு இருந்தார். அம்மா எழுபத்தொன்பது. பெரியப்பா தொண்ணூறு தாண்டியும் பெண்ணாடம் சந்தைக்கு நடந்தே போய்வந்தவர். நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோக்களை நினைத்துப் பார். அத்தனையும் நரைத்த தலை. நம்முடையது கெட்டியான உடம்பு.

நாளெல்லாம் வெடிக்கிற நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் வெடிக்கப்போகிற மாதிரிதான் தெரியும். அனு கல்யாண வயதில் நிற்கிற பெண். எத்தனையோ கோயில் ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. நெஞ்சில் கோளாறு என்று ஒரு சொல் வெளியே போனால் திட்டக்குடி வரைக்கும் போய்விடும். இதை இத்தோடு விடு.

ஆசிகளுடன்,
கோவிந்தசாமி


சிதம்பரம்,
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். இங்கே மாலையில் மழை வருகிறது. அனு மீண்டும் மைதானத்துக்குப் போகிறாள். போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அத்த, ரெண்டு புரோட்டா தின்னுட்டு ஓடுறேன், போதுமா? நீங்க இப்படியே மொறச்சிப் பாத்தா நான் ஒண்ணும் நட்சத்திரம் ஆயிட மாட்டேன்" என்கிறாள்.

என் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நான் எழுதியிருந்தது இதுதான். தனியாகத் திரியும் நியூட்ரான் விண்மீன்களில் பல, வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இணையோடு இருப்பவை பெரும்பாலும் மெதுவாக நகர்கின்றன. ஆகவே இணையில் பிறப்பவற்றுக்கு விழும் உதை மென்மையானது. கட்டுரையைப் பரிசீலித்தவர் யாரென்று தெரியாது. ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறார்: பலமாக உதைபட்ட இணைகள் பிரிந்துபோயிருக்குமே, அவற்றை எங்கே எண்ணினீர்கள்?

எண்ணவில்லை. பிரிந்தபின் அவற்றை இணை என்று யாரும் சொல்வதில்லை, அதனால் என் கணக்குக்குள் அவை வரவே இல்லை. மிஞ்சியவற்றை மட்டும் எண்ணிவிட்டு எல்லாம் மென்மை என்று எழுதிவிட்டேன். சில இணைகளில் உதை உண்மையிலேயே மென்மையாக இருக்கலாம். ஆனால் என் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

அந்த வரியைப் படித்தபோது உங்கள் கூடத்துச் சுவர் நினைவுக்கு வந்தது. வாழ்ந்து முடித்தவர்களைத்தான் நாம் சட்டம் போட்டு மாட்டுகிறோம். சின்ன வயதில் போனவர்களுக்கு நம் வீட்டில் போட்டோ மாட்டும் வழக்கம் உண்டா? சுவரில் இல்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா?

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

பவானி


கடலூர்,
6 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம் அறிய ஆசை. கரும்பு இந்த வருடம் பரவாயில்லை. பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் பாதி நாள்தான் வருகிறது. உன் அண்ணிக்குக் கால்வலி ஜாஸ்தியாகி, தைலம் தடவிக்கொண்டிருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை பெண்ணாடம் நிலத்தில் பூவாடைக்காரிக்குப் படையல் போடுகிறோம். அனுவின் பேருக்குத்தான். அவளை அனுப்பி வை. உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று தெரியும், உன்னை வற்புறுத்தவில்லை.

நீ கேட்டதற்கு ஏற்கெனவே பதில் எழுதிவிட்டேன்.

கோவிந்தசாமி


சிதம்பரம்,
15 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை நானும் வந்து நின்றது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பம்பை அடித்துச் சாமியை அழைக்கவந்த பம்பைக்காரருக்குப் பிடித்திருந்தது. "படிச்ச அம்மா வந்திருக்குது, இன்னிக்கி அவ சீக்கிரம் எறங்கி வருவா பாருங்க" என்று என்னைக் கிண்டல் செய்தார். அண்ணி வாயைப் பொத்திச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அண்ணியின் கால்வலிக்குச் சொன்ன மருந்தை மறக்காமல் வாங்குங்கள்.

கல்யாணமாகாமல் இறந்து வீட்டுத் தெய்வமானவள், ஐந்தாறு தலைமுறைக்கு முந்தையவள் என்றுதான் பூவாடைக்காரியைப் பற்றிச் சிறுவயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அதற்குமேல் கேட்டதில்லை. நம்பிக்கை இல்லாதவளுக்கு ஆர்வமும் இல்லாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அவளுக்குப் புடவை வைக்கவில்லை. பாவாடை தாவணி வைத்தீர்கள். அவளை அழைத்துவர ஆற்றுக்கோ குளத்துக்கோ போகவில்லை. நம் கிணற்றுக்குப் போய், அதிலிருந்து கலசத்தில் தண்ணீர் மொண்டு, அதைத்தான் அவள் என்று படையலுக்குக் கொண்டுவந்தீர்கள்.

அது அப்பா வெட்டிய கிணறு. உள்சுவரில் அப்பா பேரும் 1971 என்ற வருடமும் சிமெண்டில் இருக்கின்றன. ஐந்து தலைமுறைக்கு முன் இறந்தவள் அந்தக் கிணற்றில் எப்படி இருப்பாள்?

ஒரு விண்மீன் இன்று இருக்கும் இடத்தையும் ஓடும் திசையையும் வைத்து, அது புறப்பட்ட இடத்துக்குப் பின்னோக்கிப் போவதுதான் என் தொழில். அதே மாதிரி பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 1971க்குப் பிறகு, நான் பிறந்த 1977க்கு முன்பு, நம் வீட்டில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். அப்போது நீங்கள் பையன். உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

யார் அவள்? எப்படி இறந்தாள்? ஒரு வரி போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா.

பவானி


சிதம்பரம்,
18 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, "அவுங்க வயலுக்குப் போயிட்டாங்க" என்கிறார். பின்னால் உங்கள் இருமல் கேட்கிறது.

இன்று அனு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "கண்ணக் கட்டிக்கிட்டு வந்துச்சு அத்த, இப்ப சரியாயிடுச்சு. அப்பாகிட்ட போட்டுக் குடுக்காதீங்க" என்றாள். நான் எதுவும் நடக்காததுபோல அவளோடு படியில் உட்கார்ந்து தீபாவளிக்கு என்ன பலகாரம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்தால் நாடி பார்க்கிறேன் என்று தெரிந்துவிடும் என்பதால் பிடிக்கவும் இல்லை.

மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால், ஓடலாம் என்று எழுதிக் கொடுத்த தாளைக் காட்டுகிறாள். அதற்குமேல் அழுத்திச் சொன்னால் பயந்துவிடுவாள். எந்தப் பயம் அவளுக்கு ஆகாதோ அதை நானே கொடுக்க முடியாது. மண்டலப் போட்டி நவம்பர் எட்டாம் தேதி. மாதத் தொடக்கத்திலேயே பயிற்சி முகாமுக்குப் போய்விடுவாள்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. என் பயத்தையே நம்பாமல்தான் இவ்வளவு நாள் இருந்தேன். இப்போது அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் சத்தம் கேட்கிறேன்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பவானி


கடலூர்,
1 நவம்பர் 2025

பவானிக்கு அண்ணி சௌந்தரம் எழுதறது. நீயும் கொழந்தையும் நல்லாருக்கீங்களா. எனக்குக் கோர்வையா எழுத வராது, தப்பிருந்தா நீயே திருத்திக்க.

உன் லெட்டர் வந்ததுலேர்ந்து இவுங்க சரியா தூங்கறதில்ல. தலகாணி அடியில வெச்சிருந்தாங்க, நான் எடுத்துப் படிச்சிட்டேன். இனிமேயும் சும்மா இருந்தா நான் பெத்தவ இல்ல.

நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல எங்க மாமியா, அதான் உங்கம்மா, படையலுக்கு மாவு இடிக்கறப்ப எனக்கு மட்டும் சொன்னாங்க. அது உங்கக்கா. பேரு தைலம்மா. அந்தப் பேர வீட்டுல யாரும் வாயால சொல்லக்கூடாது, பம்பக்காரரு அழைக்கறப்ப மட்டும்தான். சும்மா கூப்பிட்டா வந்துருவா, வந்தா ஏன்னு கேப்பா, அதான் பயம். எழுதலாமான்னு தெரியல, எழுதிட்டேன்.

பதினாறு வயசாம். திட்டக்குடில மாப்பிள்ள பாத்து நாள் குறிச்சிருந்தாங்களாம். அப்பதான் கெணத்துல போயிட்டா. மாப்பிள்ள புடிக்காம குதிச்சிட்டான்னு ஊரே பேசிச்சாம். போலீசு வந்தா அறுத்துப்புடுவாங்கன்னு பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டாங்க. ஒரு போட்டோ இருந்துச்சாம், அதையும் கூடவே போட்டுட்டாங்களாம். மறுவருசம் சாமியா வெச்சிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நீ பொறந்தியாம். உனக்குத் தெரியவே கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.

உங்கண்ணன நீ பொய் சொன்னாருன்னு நெனைக்காத. டாக்டரு வியாதியில செத்தவங்களக் கேட்டாரு. இது அவளா குதிச்சதுன்னு சொல்றாங்க. அதோட சாமியானவள செத்தவங்க கணக்குல எப்படிம்மா சேக்கறது? எனக்கே நீ எழுதனதப் படிச்சப்புறம்தான் உறைச்சிச்சு.

அவ போன அன்னிக்கி உங்கண்ணன் கெணத்துப் படியில இருந்தாரு. இத்தன வருசத்துல என்கிட்டகூட ஒரு வார்த்த சொன்னதில்ல. லெட்டர எழுதிட்டு அவுங்க கண்ணுக்கு முன்னாடியே ஒட்டறேன். தடுக்கல. பாத்துக்கிட்டேதான் இருக்காங்க.

கொழந்தைய ஓட வுடாத.

சௌந்தரம்


கடலூர்,
3 நவம்பர் 2025

பவானிக்கு,

உன் அண்ணி எழுதியது கிடைத்திருக்கும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அவள் தினமும் கிணற்றில் குதிப்பாள். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அன்றும் மேட்டிலிருந்து ஓடிவந்து குதித்தாள். மேலே வந்து, முடியை ஒதுக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டேய் கோயிந்து, எதிர்ச்செவுரத் தொட்டுட்டு வர்றேன், எண்ணு" என்றாள். எண்ண ஆரம்பித்தேன். பாதிக் கிணறு போனதும் கை நின்றுவிட்டது. கத்தவில்லை. தவிக்கவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி முகம் தண்ணீருக்குள் போயிற்று. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். "குதிச்சாளாடா?" என்று கேட்டார்கள். "குதிச்சா" என்றேன். அது உண்மை. அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. சாகப்போகிறவள் எண்ணச் சொல்வாளா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுவிடம் சொல்லாதே. நான் வருகிறேன். நான்தான் சொல்ல வேண்டும்.

கோவிந்தசாமி


சிதம்பரம்,
5 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் அண்ணனுடையதும் இன்று ஒன்றாக வந்தன. நீங்கள் எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. நலம் விசாரிக்கிற நிலையில் நாம் இருவரும் இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டரிடம் போனில் முழுவதும் சொன்னேன். நீந்தத் தெரிந்த பெண், பாதி நீச்சலில், சத்தமில்லாமல் என்றதும் அவளுக்கு என்ன வயது என்று கேட்டார். "அது தற்கொலை மாதிரி தெரியல மேடம். பொண்ணு ஓடக்கூடாது. பயமுறுத்தாமக் கூட்டிட்டு வாங்க, நாளைக்கே" என்றார்.

உடனே முகாமுக்குப் போனேன். அனு மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, இட்லித் தட்டை ஏந்திக்கொண்டு யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அத்த வந்துட்டாங்க, எல்லாரும் நாடியக் குடுங்க" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயிற்சியாளரைத் தனியே கூப்பிட்டு, நாளை காலை அவளை ஓடவிட வேண்டாம், உடம்பு சரியில்லை என்றேன். "சரிங்க மேடம்" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த விசிலைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து சொல்லட்டும் என்று அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது சரியா என்று தெரியவில்லை. பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்வார் என்றும் தெரியவில்லை. என்னால் முடிந்திருக்காது.

6 நவம்பர்

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. இன்று நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

அண்ணன் பஸ் நிலையத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தார். மழை விட்டிருந்தது. பெண்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். அனு முன்னால் இருந்தாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஒரே ஒரு ரவுண்டுன்னு அவளே கெஞ்சுனா மேடம்" என்றார். நான் அனு என்று கத்த வாயைத் திறந்தேன். அண்ணன் என் தோளை அழுத்தினார். "கத்தாத. திடுக்குன்னு ஆயிடும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் குறுக்கே நடந்துபோய் அவள் ஓடிவரும் பாதையில் நின்றார். கையை ஆட்டவில்லை. சும்மா நின்றார். தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்ட அனு வேகத்தைக் குறைத்து, நடந்து, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா! இன்னா இது, மானம் போவுது. தள்ளுங்க."

"ஒக்காரு கண்ணு. மூச்சு வாங்கிக்க. ஒருத்தியப் பத்திச் சொல்லணும்."

இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். "எனக்கு தைலம்மான்னு ஒரு அக்கா இருந்தா" என்று அண்ணன் ஆரம்பித்தார். அவள் எப்படி நீந்துவாள், எப்படிச் சிரிப்பாள், இவரை எப்படி ஏமாற்றித் தண்ணீருக்குள் தள்ளுவாள் என்று அவசரமே இல்லாமல் சொன்னார். பக்கத்து ஊரில் இருக்கும் ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. கடைசியில்தான் கிணற்றைச் சொன்னார்.

அனு பயப்படவில்லை. கோபப்பட்டாள். "இத அன்னிக்கே அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா நான் ஓடியே இருக்கமாட்டேனே அப்பா" என்றாள். அவளே எழுந்து அண்ணனுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள்.

பாண்டிச்சேரியில் அவள் மார்பில் ஒயர்களை ஒட்டி, டிரெட்மில்லில் மெதுவாக நடக்கவைத்தார்கள். டாக்டர் பக்கத்திலேயே நின்றார். துடிப்பு கூடும்போது குறையவேண்டிய நீளம் அவளுக்குக் கூடியது. பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். இன்றிலிருந்து மாத்திரை, ஓட்டம் கிடையாது, மாத்திரையை ஒருநாளும் தவறவிடக்கூடாது, பெங்களூருக்கு ரத்தம் அனுப்பவேண்டும் என்றார். மாத்திரை இந்த நோய்க்கு நன்றாகக் கேட்கும் என்று இரண்டுமுறை சொன்னார். இதை நீங்களும் இரண்டுமுறை படியுங்கள்.

பிறகு அண்ணனைப் படுக்கச் சொன்னார். அவருடையது ஓரத்தில் நிற்கிறது. அவருக்கும் மாத்திரை.

"மேடம், நீங்களும்" என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "தைலம்மாவுக்கு நீங்களும் தங்கச்சிதானே" என்றார். கண்ணாடியைக் கழற்றி அனுவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா?"

"இல்லை."

"ஓடுவீங்களா? நீச்சல்?"

"பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை."

தலையை ஆட்டிவிட்டுத் தாளை என்னிடமே கொடுத்தார். மூன்று பேரில் அந்த நீளம் எனக்குத்தான் அதிகம்.

வெளியே வந்து பழக்கத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். அனு என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, லிஃப்ட் எங்கே என்று நர்ஸிடம் கேட்டாள்.

பவானி